சர்க்கரை பிடிக்கும் டொமைன்களும் நரம்பிழையின் பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் முள்ளெலியின் முட்டையில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஒரு புரதத் துண்டு, மனித மூளையில் நரம்பணுக்களின் மேற்பரப்பிலும் இருக்கிறது. முட்டையில் இருக்கும்போது அது சர்க்கரையைப் பிடிக்கிறது. நரம்பணுவில் இருக்கும்போது வளரும் செல்களுக்கும் இழைகளுக்கும் வழி சொல்லும் வேலையில் பங்கெடுக்கிறது. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உயிரியல் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. பள்ளி உயிரியல் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், டொமைன் என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி முழுவதும் ஒரே கட்டியாகச் சுருண்டுகொள்வதில்லை. பெரிய புரதங்களில் நூறு, இருநூறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பகுதி தானாகவே மடிந்து நிலையான உருவத்தை எடுக்கும். அடுத்த பகுதி வேறோர் உருவத்தை எடுக்கும். இப்படித் தனித்து மடியக்கூடிய பகுதிதான் டொமைன். சங்கிலியிலிருந்து அதை மட்டும் வெட்டி எடுத்து ஆய்வகத்தில் தயாரித்தாலும் பெரும்பாலும் அதே உருவத்தில் மடியும்.

பரிணாமம் இந்தத் துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறது. ஒரே வகை டொமைன் செடியின் நொதியிலும் இருக்கும், மீன் முட்டையிலும் இருக்கும், எலி மூளையிலும் இருக்கும். எனவே, உருவம் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றாகத்தான் இருக்குமா என்று கேட்கத் தோன்றும். இந்தப் பக்கத்தின் பாதிக்கும் மேல் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

நரம்பணுவுக்கு ஏன் யாரோ வழி காட்ட வேண்டும்?

நரம்பணு பிறக்கும் இடம் ஒன்று, அது சேதி அனுப்ப வேண்டிய இடம் வேறு. அணுவிலிருந்து நரம்பிழை, அதாவது ஆக்ஸான், புறப்பட்டு இலக்கைத் தேடிப் போகிறது. அதன் முனையில் விரல் விரலாக நீட்டி மடக்கிக்கொண்டே நகரும் ஒரு பகுதி உண்டு. அதற்கு வளர்கூம்பு என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹல் கோழிக் கருவில் இதைப் பார்த்து விவரித்தார்.

வளர்கூம்பின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. வழியில் உள்ள செல்கள் சுரக்கும் புரதங்களை அவை உணர்கின்றன. சில புரதங்கள் இழுக்கும், சில தள்ளும். தூரத்திலிருந்து பரவி வருபவை உண்டு. தொட்டால் மட்டுமே தெரிபவையும் உண்டு. நெட்ரின், ஸ்லிட், செமஃபோரின், எஃப்ரின் ஆகிய நான்கு குடும்பங்களைத்தான் பாடநூல்கள் முதலில் சொல்லும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அத்தனைக்கும் இந்தச் சில புரதக் குடும்பங்களே பெரும்பாலும் வழி சொல்கின்றன என்பதை முதல் முறை படிக்கும்போது நம்பச் சற்று கஷ்டமாகத்தான் இருக்கும்.

இதில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

நம் உடலின் எந்தச் செல்லும் வெறும் மேனியாக இருப்பதில்லை. செல் சவ்வின் வெளிப்புறம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தியிருக்கும். புரதங்களின் மேலும் கொழுப்பு மூலக்கூறுகளின் மேலும் அவை ஒட்டியிருக்கும். காலக்டோஸ், மானோஸ், சியாலிக் அமிலம், குளுக்குரோனிக் அமிலம் என வகைகள் பல. சில சங்கிலிகளின் மேல் சல்ஃபேட் குழுக்களும் சேர்ந்திருக்கும். ஹெப்பரான் சல்ஃபேட்டும் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் அந்த வகை.

வளர்கூம்பு ஊர்ந்து போகும் பாதை முழுக்க இந்தச் சர்க்கரைப் போர்வைதான். வழிகாட்டிப் புரதங்களும் அதில் ஒட்டி, தேங்கி, அங்கங்கே குவிகின்றன. ஆகவே சர்க்கரையை உணரும் டொமைன்கள் நரம்பின் பாதையில் தலையிடுவதில் வியப்பேதும் இல்லை.

லெக்டின் என்பது எது?

சர்க்கரையைப் பிடிக்கும், ஆனால் அதை வெட்டவோ மாற்றவோ செய்யாத புரதம். நொதியும் இல்லை, எதிர்ப்புரதமும் இல்லை. ஒரு லெக்டின் டொமைன் ஒரு சர்க்கரையைப் பிடிக்கும் பிடி பொதுவாக மிகத் தளர்வானது. மில்லிமோலார் அளவில் சர்க்கரை இருந்தால்தான் ஒட்டும், அடுத்த நொடியே விட்டுவிடும். இதைக் கேட்டதும் இவ்வளவு தளர்வான பிடியால் என்ன பயன் என்று தோன்றும். ஒற்றை இழை அறுந்துபோகும், பல இழைகளை முறுக்கினால் வடமாகும். செல்லின் மேற்பரப்பில் நடப்பதும் அதுதான்: ஒரு பக்கம் பல லெக்டின் டொமைன்கள், மறுபக்கம் நெருக்கமாகப் பல சர்க்கரைகள்.

கடல் முள்ளெலி டொமைன் என்று சொன்னீர்களே, அதன் கதை என்ன?

1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆந்தோசிடாரிஸ் கிராசிஸ்பைனா என்ற கடல் முள்ளெலியின் முட்டையிலிருந்து காலக்டோஸைப் பிடிக்கும் ஒரு சிறு லெக்டினின் அமினோ அமில வரிசையை வெளியிட்டார்கள். அதற்கு எஸ்யூஇஎல் என்று பெயர் வந்தது (கடல் முள்ளெலி முட்டை லெக்டின் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). பிறகு ட்ரவுட், சால்மன் மீன்களின் முட்டைகளிலும் அதே அமைப்பு கொண்ட லெக்டின்கள் கிடைத்தன. அவை காலக்டோஸைவிட ராம்னோஸ் என்ற சர்க்கரையை இன்னும் நன்றாகப் பிடித்தன. அதனால் இதே குடும்பத்துக்கு ராம்னோஸ் பிடிக்கும் லெக்டின் என்ற இன்னொரு பெயரும் உண்டு. தரவுத்தளங்களில் இரண்டு பெயர்களும் வரும், குழம்ப வேண்டாம்.

மீன் முட்டையில் இதன் வேலை ஓரளவு புரிகிறது. பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் ராம்னோஸ் உண்டு. முட்டையில் உள்ள லெக்டின் அதைப் பிடித்துப் பாக்டீரியாக்களைக் கொத்தாகச் சேர்த்துவிடும். ஒரு வகைப் பிறவிப் பாதுகாப்பு.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. பாலூட்டிகளின் செல்கள் ராம்னோஸைத் தயாரிப்பதே இல்லை. அதைத் தயாரிப்பவை பெரும்பாலும் செடிகளும் பாக்டீரியாக்களும்தான். அப்படியிருக்க, அதே டொமைன் பாலூட்டி நரம்பணுவின் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு எதைப் பிடிக்கிறது?

அந்த டொமைனின் உருவம் தெரியுமா?

தெரியும். 2008இல் எலியின் லாட்ரோஃபிலின்-1 என்ற நரம்பு ஏற்பியிலிருந்து இந்த டொமைனை மட்டும் தனியே எடுத்து, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் அதன் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ நூறு அமினோ அமிலங்கள். தாள்போன்ற பீட்டா இழைகளும் ஒரு சுருளும் சேர்ந்த கட்டமைப்பு. அதைக் கந்தகப் பாலங்கள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. ஒரு ஓரத்தில் நீளமான வளையங்கள் வெளியே நீண்டு நிற்கும். சர்க்கரை வந்து அமர்வது அந்த வளையங்களுக்கு இடையில். ராம்னோஸுடன் சேர்ந்த நிலையிலும் வடிவத்தை எடுத்தார்கள். ஒட்டத்தான் செய்தது, ஆனால் தளர்வாக.

இந்த ஆய்வு வந்தபோதே, வளையங்களில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறினாலும் சர்க்கரை பிடிக்கும் தன்மை மாறிவிடும் என்பது தெளிவாகியிருந்தது. கட்டமைப்பு அப்படியே இருக்கும், பிடிப்பது மட்டும் வேறாகிவிடும்.

நரம்பிழைக்கு வழி காட்டுவதில் இதற்குப் பங்கு உண்டென்று எப்படித் தெரிந்தது?

சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவிலிருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒற்றை நரம்பணுவை வைத்துக்கொண்டு இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

இந்தப் புழுவின் இருபால் உயிரிக்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. அதில் ஏவிஎம் என்பது தொடுதலை உணரும் நரம்பணு. புழு முட்டையிலிருந்து வெளிவந்த பிறகுதான் அது உருவாகிறது. உடலின் பக்கவாட்டில் அமர்ந்து, தன் இழையை நேராக வயிற்றுப் பக்கம் அனுப்பும். அங்குள்ள நரம்புத் தண்டை அடைந்ததும் திரும்பித் தலையை நோக்கிப் போகும். புழுவின் உடல் கண்ணாடிபோல இருப்பதால், ஒளிரும் புரதம் சேர்த்துவிட்டால் நுண்ணோக்கியில் அந்த ‘எல்’ வடிவப் பாதையை உயிருள்ள புழுவிலேயே பார்க்கலாம். பாதை பிசகினால் இழை வயிற்றுப் பக்கம் இறங்காமல் பக்கவாட்டிலேயே தலையை நோக்கி ஓடிவிடும். பார்த்தவுடனே தெரியும், அளவுகோல்கூட வேண்டாம்.

ஏவிஎம்மை வயிற்றுப் பக்கம் அனுப்ப இரண்டு ஏற்பாடுகள் உண்டு. வயிற்றுப் பக்கத்திலிருந்து நெட்ரின் இழுக்கிறது (புழுவில் அதன் பெயர் அன்க்-6). முதுகுப் பக்கத் தசைகளிலிருந்து வரும் ஸ்லிட் தள்ளுகிறது. ஒன்றை மட்டும் கெடுத்தால் சில புழுக்களில் பாதை தவறும், மற்றவை தப்பித்துக்கொள்ளும். இரண்டையும் கெடுத்தால் அநேகமாக எல்லாவற்றிலும் தவறும்.

மரபியலாளர்களுக்கு இது வசதி. ஒரு வழியைக் கெடுத்துவிட்டு, இன்னொரு மரபணுவையும் கெடுத்தால் நிலைமை மோசமாகிறதா என்று பார்க்கலாம். மோசமானால், அந்த மரபணு இரண்டாவது வழியில் வேலை செய்கிறது என்று பொருள். அப்படித் தேடியதில் சிக்கியதுதான் இவா-1. 2007இல் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஃபுஜிசாவா, ரானா, குலோட்டி மூவரும் இதை வெளியிட்டார்கள். செல் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதம். வெளிப்புறத்தில் இரண்டு எஸ்யூஇஎல் டொமைன்கள். அது ஸ்லிட்டைப் பிடிக்கிறது. ஸ்லிட்டுக்கு முன்பே தெரிந்திருந்த ஏற்பியான ரோபோவோடும் (புழுவில் சாக்ஸ்-3) சேர்ந்து நிற்கிறது. ஏவிஎம் அணுவுக்குள்ளேயே அது தேவைப்படுகிறது, பக்கத்து அணுவில் இருந்தால் போதாது. ஆக, ரோபோவின் துணை ஏற்பி.

இவா-1 தள்ளும் வேலைக்கு மட்டும்தானா?

இல்லை. அதே புழுவில் தசைகளும் நரம்பைத் தேடி மெல்லிய கைகளை நீட்டுகின்றன. நம் உடலில் நரம்பு தசையைத் தேடிப் போகும். இங்கே தலைகீழ். நரம்புகள் சுரக்கும் மேட்-4 என்ற புரதம் தசைக் கைகளை இழுக்கிறது. அதை உணரும் ஏற்பி அன்க்-40, அதாவது நெட்ரினை உணரும் அதே ஏற்பி. அங்கும் இவா-1 துணைக்கு நிற்கிறது என்று 2014இல் காட்டினார்கள். ஒரே துணை ஏற்பி ஓரிடத்தில் தள்ளுதலுக்கும் இன்னோரிடத்தில் இழுத்தலுக்கும் உதவுகிறது. என் பார்வையில் இவா-1 எந்தச் சேதியையும் தானாகச் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் பெரிய ஏற்பியின் காதைக் கூர்மையாக்குகிறது, அவ்வளவே.

மனிதரில் இவா-1 உண்டா?

மூன்று உறவினர்கள் உண்டு: இவா1ஏ, இவா1பி, இவா1சி. முதல் இரண்டில் சர்க்கரை டொமைன்கள் கிடையாது. இவா1சி-யில்தான் அவை இருக்கின்றன. அது ஹெப்பரினைப் பிடிக்கிறது என்று 2009இல் வெளியானது. ஹெப்பரின் என்பது ஹெப்பரான் சல்ஃபேட்டின் நெருங்கிய உறவு. எலிக் கருவின் நரம்பு மண்டலத்தில் இவா1சி இருக்கும் இடங்கள் பல, ஸ்லிட்டும் ரோபோவும் வேலை செய்யும் பாதைகளோடு ஒத்துப்போகின்றன.

அந்த மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உடனே, அந்தக் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமுக்கு இதுதான் காரணமா என்று கேட்பார்கள். அந்தக் குரோமோசோமில் 200க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. அங்கே இருப்பது ஒரு சந்தேகத்தைக் கிளப்புமே தவிர, காரணம் என்று சொல்ல அது போதாது.

லாட்ரோஃபிலின் என்ன செய்கிறது?

இது வேறு வழியாக வெளிச்சத்துக்கு வந்த புரதம். கருப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சில் ஆல்ஃபா லாட்ரோடாக்ஸின் என்ற பொருள் உண்டு. நரம்பு முனையில் பட்டால் அங்கே சேமித்திருக்கும் சமிக்ஞைப் பொருளெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும். அந்த நஞ்சு போய் ஒட்டும் ஏற்பியைத் தேடியபோது 1990களின் நடுவில் கிடைத்தது லாட்ரோஃபிலின். சிலந்திக்காக மூளை ஒரு ஏற்பியை வைத்திருக்கப் போவதில்லை, எனவே அதன் சொந்த வேலை என்ன என்ற கேள்வி பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது.

நமக்கு மூன்று லாட்ரோஃபிலின்கள் உண்டு. சவ்வை ஏழு முறை துளைத்துச் செல்லும் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளியே நீண்டிருக்கும் கையின் நுனியில் எஸ்யூஇஎல் வகை லெக்டின் டொமைன், அதற்கு அடுத்து ஆல்ஃபாக்டோமெடின் டொமைன், பிறகு ஒரு தண்டுப்பகுதி, சவ்வுக்குப் பக்கத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஒரு டொமைன்.

2011இல் முதல் துணை கிடைத்தது: டெனியூரின்-2, எதிரே உள்ள செல்லின் மேலிருக்கும் பெரிய புரதம். 2012இல் இரண்டாவது: எஃப்எல்ஆர்டி3, அதுவும் எதிர்ச் செல்லின் மேலிருக்கும் புரதம்தான். இதில் எஃப்எல்ஆர்டி ஒட்டுவது ஆல்ஃபாக்டோமெடின் டொமைனில். டெனியூரின் ஒட்டும் இடத்தில் லெக்டின் டொமைனும் சேர்ந்திருக்கிறது. 2020இல் வந்த படிக அமைப்புகளில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. டெனியூரினில் சுருண்டு சுருண்டு அமைந்த ஒரு பெரிய பீட்டா பீப்பாய் இருக்கிறது. அதன் மேல் லெக்டின் டொமைனும் ஆல்ஃபாக்டோமெடின் டொமைனும் குறுக்கே படிந்திருந்தன. புரதமும் புரதமும் தொட்டுக்கொள்ளும் பிடிப்பு. பிடித்திருப்பது சர்க்கரையை அல்ல.

இன்னொரு நுணுக்கம். லெக்டின் டொமைனுக்கும் ஆல்ஃபாக்டோமெடின் டொமைனுக்கும் நடுவில் நான்கைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு செருகல் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. ஒரே மரபணுவின் ஆர்என்ஏ-வை வேறு விதமாக வெட்டி ஒட்டுவதால் வரும் வேறுபாடு இது. செருகல் இருந்தால் டெனியூரினுடனான பிடி தளர்கிறது. அத்தனை பெரிய புரதத்தில் நான்கைந்து அமினோ அமிலங்கள், அவற்றால் இவ்வளவு மாற்றம்.

அது வழிகாட்டுதல் ஆகுமா? இணைப்பு உருவாக்குதல் என்றல்லவா படித்தேன்?

இரண்டும்தான். லாட்ரோஃபிலினும் டெனியூரினும் நரம்பிணைப்புகளை, அதாவது சினாப்ஸ்களை, அமைப்பதில் பங்கெடுக்கின்றன. ஆனால் அதற்கு முன்பே, கருவில் மூளைப் புறணி உருவாகும்போதே, இவை செல்களின் மேல் இருக்கின்றன. 2020இல் படிக அமைப்பை வெளியிட்ட அதே குழு, எலிக் கருவின் புறணியில் இடம்பெயரும் இளம் நரம்பணுக்களில் இந்தப் பிடிப்பைச் சோதித்தது. தொட்டதும் விலகுதல் என்ற முறையில் அது செல்களின் நகர்வை வழிநடத்துகிறது என்று கண்டார்கள். பிடிப்பு ஒட்டவைக்கத்தானே செய்யும், எப்படித் தள்ளும் என்று தோன்றலாம். ஒட்டுவது வெளியே. ஒட்டியதும் செல்லுக்குள் கிளம்பும் சேதி, உள்சட்டகத்தைச் சுருக்கிப் பின்வாங்கச் சொல்லலாம். எஃப்ரின் குடும்பத்திலும் இதே விஷயம் முன்பே தெரிந்ததுதான்.

இழைகள் விஷயத்தில் இன்னும் அழகான சான்று 2021இல் வந்தது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் சிஏ1 என்ற பகுதியிலிருந்து பக்கத்திலுள்ள சபிகுலம் என்ற பகுதிக்கு இழைகள் போகின்றன. சிஏ1-இன் ஒரு முனையில் டெனியூரின்-3 அதிகம், மறு முனையில் லாட்ரோஃபிலின்-2 அதிகம். சபிகுலத்திலும் இதே இரண்டும் எதிரெதிர்ப் பகுதிகளில் இருக்கின்றன. டெனியூரின்-3 உள்ள இழை, டெனியூரின்-3 உள்ள இலக்கை விரும்பிச் சேர்கிறது. லாட்ரோஃபிலின்-2 உள்ள பகுதியைக் கண்டால் ஒதுங்குகிறது. மறுபக்கமும் அப்படியே: லாட்ரோஃபிலின்-2 உள்ள இழைகள் டெனியூரின்-3 பகுதியைத் தவிர்க்கின்றன. சபிகுலத்தில் லாட்ரோஃபிலின்-2-ஐ நீக்கிவிட்டால், டெனியூரின்-3 இழைகள் போகக்கூடாத இடத்துக்குள் நுழைந்துவிடுகின்றன.

அப்படியானால் ‘சர்க்கரை பிடிக்கும் டொமைன்’ என்று அழைப்பதே தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். அது பரம்பரைப் பெயர். முட்டை லெக்டின்களில் அந்தப் பெயருக்குத் தகுந்த வேலை நடக்கிறது. லாட்ரோஃபிலினில் டொமைன் ராம்னோஸைப் பிடிக்கக்கூடியது, ஆனால் மூளையில் அதற்கு ராம்னோஸ் கிடைக்கப் போவதில்லை. கிடைத்திருப்பது டெனியூரின். மனித இவா1சி ஹெப்பரினைப் பிடிக்கிறது. சில செடிகளின் பீட்டா காலக்டோசிடேஸ் நொதிகளின் வால் பகுதியிலும் இதே டொமைன் இருக்கிறது, அங்கே சூழலே வேறு.

எரிச்சலூட்டுவது வேறொன்று. தானியங்கித் தரவுத்தளங்கள் இந்த டொமைனைப் பார்த்த மாத்திரத்தில் ‘கார்போஹைட்ரேட் பிணைப்பு’ என்று முத்திரை குத்திவிடும். அதை அப்படியே எடுத்துக் கட்டுரையில் எழுதிவிடுகிறார்கள். வரிசை ஒற்றுமை ஒரு துப்பு மட்டுமே.

வேறு எந்த டொமைன்களுக்குச் சர்க்கரையும் நரம்புப் பாதையும் இரண்டும் சேர்ந்து வரும்?

நிறைய உண்டு. எனக்கு முக்கியமாகப் படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

லாமினின்-ஜி டொமைன். ஸ்லிட் புரதத்தின் பின்பகுதியில் இது ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரோகிளைகான் என்ற புரதத்தின் மேல் சைலோஸும் குளுக்குரோனிக் அமிலமும் மாறி மாறி வரும் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி உண்டு. லாமினின்-ஜி அதைக் கால்சியத்தின் துணையோடு பிடிக்கிறது. எலிக் கருவில் அந்தச் சர்க்கரை சரியாக அமையாவிட்டால் ஸ்லிட் தனக்குரிய இடங்களில் தங்குவதில்லை, தண்டுவடத்தில் இழைகள் வழி தவறுகின்றன என்று 2012இல் காட்டினார்கள். இங்கே சர்க்கரைப் பிடிப்பு நேரடியாகவே வழிகாட்டுதலோடு சேர்கிறது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இதுதான். அதே சர்க்கரை கெட்டுப்போனால் மனிதரில் வாக்கர்–வார்பர்க் சிண்ட்ரோம் போன்ற, தசையையும் மூளையையும் கண்ணையும் சேர்ந்து பாதிக்கும் பிறவி நோய்கள் வருகின்றன.

இம்யூனோகுளோபுலின் டொமைன். ரோபோவின் முதல் டொமைன் இந்த வகை. அது ஸ்லிட்டையும் ஹெப்பரான் சல்ஃபேட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. செல்லின் மேலிருந்து ஹெப்பரான் சல்ஃபேட்டை நொதியால் அகற்றிவிட்டால் ஸ்லிட்டின் தள்ளும் சக்தி போய்விடுகிறது. ஆர்பிடிபி சிக்மா என்ற ஏற்பியின் முதல் டொமைனும் இதே வகைதான். அதன் கதையைக் கீழே தண்டுவடக் கேள்வியில் சொல்கிறேன்.

சிக்லெக் குடும்பம். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் எம்ஏஜி என்ற புரதம் உண்டு. அது நரம்பிழையின் மேலுள்ள கேங்கிளியோசைடுகள் என்ற சர்க்கரை ஒட்டிய கொழுப்புகளில் இருக்கும் சியாலிக் அமிலத்தைப் பிடிக்கிறது. வளர்ந்த விலங்கில் இழை மீண்டும் வளர்வதைத் தடுக்கும் காரணிகளில் ஒன்று.

டிஸ்காய்டின் டொமைன். சளிப்பூஞ்சையின் லெக்டினிலிருந்து பெயர் பெற்றது. செமஃபோரினை உணரும் நியூரோபிலினிலும் இருக்கிறது, இரத்தம் உறையவைக்கும் காரணிகளிலும் இருக்கிறது. எஸ்யூஇஎல் கதையின் மறுபதிப்பு.

சர்க்கரைச் சங்கிலிகளில் ரகசியக் குறியீடு இருக்கிறதாமே?

ஹெப்பரான் சல்ஃபேட்டில் எந்த இடத்தில் சல்ஃபேட் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு வழிகாட்டிகள் அதைப் படிக்கின்றன என்ற கருத்து உண்டு. சான்றுகளும் உண்டு. சி. எலிகன்ஸில் சல்ஃபேட்டைச் சேர்க்கும் வெவ்வேறு நொதிகளைக் கெடுத்தால் வெவ்வேறு நரம்பணுக்கள் வழி தவறுகின்றன. எலியின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திலும் இரண்டு நொதிகளைக் கெடுத்தால் இரண்டு விதமான பிழைகள். ஹெப்பரான் சல்ஃபேட்டையே மூளையில் இல்லாமல் செய்த எலியில், இரு பாதிகளையும் இணைக்கும் பெரிய நரம்புக் கற்றைகளே உருவாகவில்லை (2003).

ஆனால் ‘குறியீடு’ என்ற சொல் கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். டிஎன்ஏ-வைப் போல எழுத்துக்கு எழுத்து படிக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. சங்கிலியைப் பார்த்துக் கட்ட ஒரு மூலப்படி கிடையாது, நொதிகள் அங்கங்கே அரைகுறையாகச் சல்ஃபேட்டைச் சேர்த்துவிட்டுப் போகின்றன. சில பிடிப்புகளுக்குக் குறிப்பிட்ட அமைப்பு தேவைப்படுகிறது, பலவற்றுக்கு எதிர்மின்சுமை நெருக்கமாக இருந்தாலே போதும்.

சர்க்கரை அதிகம் சாப்பிட்டால் நரம்புகளின் வழி மாறுமா?

மாறாது. இங்கே பேசும் சர்க்கரைகளைச் செல் தானே கட்டுகிறது. நீரிழிவில் நரம்பு பாதிக்கப்படுவது வேறு காரணங்களால், அதற்கும் இந்த டொமைன்களுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

தண்டுவடக் காயத்துக்கு இதனால் ஏதாவது வழி பிறக்குமா?

நம்பிக்கை தரும் ஒரு பக்கம் உண்டு. காயம்பட்ட தண்டுவடத்தில் தழும்பு உருவாகும்போது காண்ட்ராய்டின் சல்ஃபேட் நிறையச் சேர்கிறது. இழைகள் அதைத் தாண்டி வளர்வதில்லை. 2002இல் லண்டனில் ஒரு குழு, தண்டுவடம் காயமான எலிகளுக்கு அந்தச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் பாக்டீரிய நொதியான காண்ட்ராய்டினேஸ் ஏபிசி-யைச் செலுத்தியது. இழைகள் ஓரளவு வளர்ந்தன, எலிகளின் நடையும் சற்று மேம்பட்டது.

சர்க்கரை எப்படித் தடுக்கிறது என்பது 2009இல் துலங்கியது. ஆர்பிடிபி சிக்மா என்ற ஏற்பி காண்ட்ராய்டின் சல்ஃபேட்டை உணர்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே ஏற்பி அதே டொமைனால் ஹெப்பரான் சல்ஃபேட்டையும் பிடிக்கிறது, அப்போது இழை வளர்கிறது. 2011இல் விளக்கம் வந்தது: ஹெப்பரான் சல்ஃபேட் பல ஏற்பிகளை ஒன்றாகக் குவிக்கிறது, காண்ட்ராய்டின் சல்ஃபேட் அந்தக் குவிப்பைத் தடுக்கிறது. ஒரே இடத்தில் பிடித்தும் இரண்டு எதிர்ச் சேதிகள்.

எலியிலிருந்து மனித மருந்து வரையுள்ள தூரம் நீளம். அந்த நொதி உடல் வெப்பத்தில் சீக்கிரம் செயலிழக்கிறது, தழும்பின் உள்ளே சமமாகப் பரவுவதுமில்லை. உடனடிச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என் புரதத்தில் எஸ்யூஇஎல் டொமைன் இருப்பதாகத் தரவுத்தளம் காட்டுகிறது. அது சர்க்கரையைப் பிடிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வரிசையைப் பாருங்கள். சர்க்கரை அமரும் வளையங்களில் உள்ள அமினோ அமிலங்கள், பிடிப்பு உறுதியான மீன் லெக்டின்களோடு ஒத்துப்போகின்றனவா? கந்தகப் பாலங்களுக்கான சிஸ்டீன்கள் மட்டும் பொருந்தி, வளையங்கள் வேறாக இருந்தால் எச்சரிக்கை. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் தரும் கணிப்பு வடிவம் கட்டமைப்பைச் சரியாகக் காட்டிவிடும், சர்க்கரை பிடிக்குமா என்பதைச் சொல்லாது.

அப்புறம் டொமைனைச் செல்லில் தயாரியுங்கள். பாக்டீரியாவில் தயாரித்தால் கந்தகப் பாலங்கள் தவறாக இணையும் வாய்ப்பு அதிகம், பாலூட்டிச் செல்லிலோ பூச்சிச் செல்லிலோ தயாரிப்பது நல்லது. கிளைகான் அர்ரே எனப்படும், நூற்றுக்கணக்கான சர்க்கரைகள் பொட்டு பொட்டாக ஒட்டிய கண்ணாடியில் அதை ஊற்றிப் பார்க்கலாம். ஒற்றை டொமைனாக ஊற்றினால் தளர்வான பிடிகள் கழுவும்போதே போய்விடும். இரட்டையாகவோ கொத்தாகவோ இணைத்து ஊற்றுங்கள். எதுவும் ஒட்டவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான், எதிரே உள்ள செல்லின் புரதங்களில் துணையைத் தேடத் தொடங்கலாம்.

ஏதாவது ஒட்டினால், வளையத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிச் சர்க்கரைப் பிடிப்பை மட்டும் கெடுத்து, மற்றப் பிடிப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குத் தாவுவதுதான் வழக்கமான கோளாறு. பிறகு அந்த மாற்றுப் புரதத்தை, அசல் மரபணு நீக்கப்பட்ட விலங்கில் வைத்துப் பாருங்கள். இழை சரியான வழியில் போனால், பாதைக்குச் சர்க்கரை தேவைப்படவில்லை.